முடிச்சுப் போட்ட கம்பி

கிதார் கம்பி அறுந்தால் புதுக் கம்பி வாங்க வேண்டும். காசில்லை என்றால் அறுந்த முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு ஒப்பேற்ற வேண்டும். 1940-களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மேற்கு ஓரத்தில் பருத்திக் காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கார்ல் பெர்கின்ஸ் என்ற சிறுவன் அப்படித்தான் ஒப்பேற்றினான். வாசிக்கும்போதுதான் சங்கடம் தெரிந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை வழுக்கிக்கொண்டு போனால் முடிச்சு விரலைக் கிழித்தது. அதனால் விரலை முடிச்சுக்கு முன்பே நிறுத்தி, கம்பியைப் பக்கவாட்டில் நெட்டித் தள்ளிப் பார்த்தான். சுருதி ஏறியது. விரல் இருந்த இடத்திலேயே இருக்க, சுரம் மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில், நடுவில் கிடந்த பெயரில்லாத சுரங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போனது.

இது பெர்கின்ஸ் பெரியவரான பிறகு சொன்ன கதை. பாட்டுக்காரர்கள் சொல்லும் இளமைக் கதைகளில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கதைக்கு இயற்பியல் சாட்சி சொல்ல வருகிறது.

இழுத்துக் கட்டிய கம்பி நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதை அதன் நீளம், கனம், இழுவிசை மூன்றும் தீர்மானிக்கின்றன. மெட்டின் மேல் விரலை அழுத்தினால் நீளம் குறைகிறது. பக்கவாட்டில் தள்ளினால் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்க, இழுவிசை கூடுகிறது. ஆனால் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் அதிர்வெண் ஏறும் என்பதால் விரலுக்கு வேலை அதிகம். அரைச் சுரம் ஏற அதிர்வெண் 6 சதவீதம் கூடினால் போதும். அதற்கு இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும். முழுச் சுரம் ஏற இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். இன்றைய மெல்லிய கம்பிகளில் இது சுலபம். அன்றைய கம்பிகள் தடிமனானவை. பருத்தி பறித்துக் காய்த்துப்போன விரல் இல்லாவிட்டால் பையன் அந்த முயற்சியை அன்றைக்கே விட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

அப்படி நெட்டித் தள்ளிப் பிடித்த சுரத்தை அந்தக் காட்டில் வேறு பலர் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தார்கள். ப்ளூஸ் இசையின் உயிர்நாடியே அதுதான். பியானோவில் ஒரு சப்தகத்தைப் பன்னிரண்டு சம படிகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். படி இருக்கும் இடத்தில் ஒலி உண்டு, படிக்கும் படிக்கும் நடுவே ஒன்றுமில்லை. ப்ளூஸ் பாடகரின் காந்தாரமோ சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ ஊசலாடும். ஒலியியலார் ஒரு அரைச் சுரத்தை நூறு பங்காகப் பிரித்து அளப்பார்கள். அந்தக் கணக்கில் பியானோவின் இரண்டு காந்தாரங்களும் 300-இலும் 400-இலும் நிற்கின்றன. ப்ளூஸ் காந்தாரத்துக்கு நிலையான எண் கிடையாது. ஒரே பாட்டுக்குள் 330-இல் ஒரு முறை, 360-இல் ஒரு முறை என்று அது நகர்ந்துகொண்டே இருக்கும். இதைத்தான் ‘ப்ளூ நோட்’ என்கிறார்கள்.

அது ஏன் காதைப் பிடித்து இழுக்கிறது? கிதாரின் கீழ்க் கம்பிகள் சாதாரணமான மகிழ்ச்சிக் கோர்வையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன; அதில் உள்ள காந்தாரம் நொடிக்கு 277 அதிர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் மேல்கம்பி நெட்டித் தள்ளப்பட்டு 269-இல் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது அவற்றின் வித்தியாசம், அதாவது நொடிக்கு எட்டு முறை, ஒலி எழுந்தும் தணிந்தும் துடிக்கும். காதில் அது ஒரு கரகரப்பாக விழுகிறது. கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ளினால் துடிப்பு நிதானமாகி மறைந்துவிடும், தளர்த்தினால் வேகமெடுக்கும். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத அந்தக் குரலின் ரகசியத்தில் ஒரு பங்கு இந்தத் துடிப்பில் இருக்கிறது. மீதிப் பங்கு வாழ்க்கையில் இருக்கிறது, அதற்குச் சூத்திரம் இல்லை.

பெர்கின்ஸ் பிறந்தது 1932 ஏப்ரல் 9-ஆம் தேதி, டிப்டன்வில் என்ற சிற்றூரில். மிசிசிப்பி ஆற்றின் வண்டல் படிந்த சமவெளி அது. பக்கத்தில் உள்ள ரீல்ஃபுட் ஏரி 1811-12-இல் அடுத்தடுத்து வந்த பெரும் நிலநடுக்கங்களால் தரை அமிழ்ந்து உண்டானது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் பருத்தி செழித்தது. பருத்தியை நம்பி வாரத்துக்கு உழுத குடும்பங்கள் மட்டும் செழிக்கவில்லை. நிலம் அடுத்தவருடையது, விதையும் கடனும்கூட அவருடையவை. விளைச்சல் கணக்கு முடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் வருமானம். பெர்கின்ஸ் குடும்பம் வெள்ளையர் குடும்பம். ஆனாலும் அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களோடு ஒரே வரப்பில் நின்று ஒரே பருத்தியைப் பறித்தது. பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சட்டமும் வழக்கமும் அவர்களைத் தனித்தனியே உட்கார வைத்தன. காட்டில் அந்தப் பிரிவினை கட்டுப்படியாகவில்லை. கறுப்பினத் தொழிலாளர்கள் வேலையோடு வேலையாகப் பாடிய பக்திப் பாடல்களையும், ஒருவர் எடுக்க மற்றவர்கள் தொடுக்கும் பாட்டுகளையும் கேட்டுத்தான் பையன் வளர்ந்தான்.

முதல் கிதாரை அப்பா சுருட்டுப் பெட்டியும் துடைப்பக் கட்டையும் வைத்துச் செய்து கொடுத்தார். பிறகு, அடிபட்டு நெளிந்த ஒரு பழைய கிதார் சில டாலர்களுக்குக் கிடைத்தது. கற்றுக்கொடுக்க வந்தவர் ஜான் வெஸ்ட்புரூக் என்ற முதியவர், அதே காட்டில் வேலை பார்த்த கறுப்பினத்தவர். பையன் அவரை ‘அங்கிள் ஜான்’ என்றுதான் கூப்பிட்டான். ப்ளூஸும் பக்திப் பாடலும் வாசிப்பார். கம்பிக்குக் காதைக் கொடுத்து, அதிர்வை உடம்பால் உணர்ந்து வாசிக்க வேண்டும் என்பது அவர் பாடம் என்று பெர்கின்ஸ் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளையர்களின் கன்ட்ரி இசையும் ப்ளூஸும் கலந்த ராக்கபில்லி என்ற இசை வகையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1954-இல் மெம்ஃபிஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்குப் பத்து வருடம் முன்பே, ஒரு கிழவரும் ஒரு பையனும் ஒரு கிதாரை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்ட இடத்தில் தொடங்க வேண்டும்.

இன்னொரு வாத்தியார் வானொலி. சனிக்கிழமை இரவு நாஷ்வில் நகரத்திலிருந்து ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சி வரும். வெள்ளையர்களின் கன்ட்ரி இசைக்கு அதுதான் பெரிய மேடை. அதை ஒலிபரப்பிய நிலையம் 50,000 வாட் ஆற்றல் கொண்டது. பகலில் வளிமண்டலத்தின் மேலே சூரிய ஒளியால் உண்டாகும் ஒரு மின்னேற்ற அடுக்கு மத்திய அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலைகள் அதற்கும் மேலே உள்ள அடுக்கில் மோதித் திரும்பிப் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். மெம்ஃபிஸில் 1940-களின் இறுதியில் டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற நிலையம் முழுக்க முழுக்கக் கறுப்பின நேயர்களுக்காக ஒலிபரப்பத் தொடங்கியது. பேருந்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்ன சட்டத்தால், வானொலியில் யார் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியவில்லை.

குடும்பம் ஜாக்சன் ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகு கார்லும் அண்ணன் ஜேயும் தம்பி கிளேட்டனும் சாராயக் கடைகளில் வாசித்தார்கள். சண்டையும் கூச்சலும் நிறைந்த இடங்கள். ஆட வைக்க முடியாதவனுக்கு அங்கே மறுநாள் வேலையில்லை. கன்ட்ரி பாட்டை எடுத்துக்கொண்டு அதன் அடியில் ப்ளூஸின் தாளத்தைப் போட்டார் கார்ல். கறுப்பினப் பியானோக்காரர்கள் இடது கையால் உருட்டிக்கொண்டே போகும் ‘பூகி-வூகி’ நடையைக் கிதாரின் கீழ்க் கம்பிகளுக்கு இறக்கி, வலது உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கிக்கொண்டு வாசித்தார். ஒலி நீளாமல் அங்கங்கே நறுக்கென்று நிற்கும். பாட்டு நின்ற இடத்தில் கிதார் பதில் சொல்லும். இதுவும் காட்டில் கேட்டதுதான், ஒருவர் எடுக்க மற்றவர் தொடுப்பது.

முரசு? கன்ட்ரி இசையில் அப்போது அது கிட்டத்தட்ட விலக்கப்பட்ட வாத்தியம்; கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலும் அதற்கு வரவேற்பில்லை. அந்த வேலையை ஆளுயர பேஸ் வாத்தியமே பார்த்தது. தடித்த கம்பியை விரலால் கொக்கிபோல் இழுத்து விட்டால் அது திரும்பிப் போய் மரப்பலகையில் ‘டக்’கென்று அறையும். இழுத்ததில் தாழ்ந்த சுரம், அறைந்ததில் கூர்மையான ஓசை. நடுவில் உள்ளங்கையால் இன்னொரு அறை கொடுத்தால் எதிரடி. ஒரே ஆள் ஒரே வாத்தியத்தில் சுரத்தையும் தாளத்தையும் கொடுத்துவிடுகிறார். இந்த உத்தி நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களிடமிருந்து பரவியது. மலிவான மைக்கில் தாழ்ந்த சுரம் அமுங்கிப்போகும், ஆனால் அந்த ‘டக்’ அமுங்காது. உயர் அதிர்வெண்ணில் இருப்பதால் கூட்டத்தின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு வரும்.

1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி என்ற 19 வயது இளைஞர் மெம்ஃபிஸின் சன் நிறுவனத்தில் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஒரு பக்கம் ஆர்தர் குரூடப் என்ற கறுப்பினக் கலைஞரின் ப்ளூஸ். மறுபக்கம் பில் மன்றோ என்ற வெள்ளைக் கலைஞரின் பாட்டு. மன்றோ மூன்று அடித் தாளத்தில் மெதுவாகப் பாடியதை எல்விஸ் நான்கு அடிக்கு மாற்றிக் குதிக்க வைத்திருந்தார். அதை வானொலியில் கேட்ட பெர்கின்ஸின் மனைவி வால்டா, நீங்கள் வாசிப்பது மாதிரியே இருக்கிறதே என்றாராம். அந்த இலையுதிர் காலத்திலேயே பெர்கின்ஸ் அண்ணனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மெம்ஃபிஸுக்கு வண்டி கட்டினார்.

யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில் சன் இயங்கிய அந்தச் சின்னக் கூடத்தை 1950-இல் திறந்தவர் சாம் ஃபிலிப்ஸ். ராக்கபில்லி அங்கே வந்து சேர்வதற்கு முன்பே அது ப்ளூஸ் கூடம். பி.பி. கிங், ஹௌலின் வுல்ஃப், ரூஃபஸ் தாமஸ் எல்லாரும் அங்கே பாடிப் பதிந்திருக்கிறார்கள். 1951-இல் ஐக் டர்னரின் குழு ‘ராக்கெட் 88’ பாட்டைப் பதிய வந்தபோது வழியில் ஆம்ப்ளிஃபயர் சேதமாகி, ஒலிபெருக்கிக் கூம்பு கிழிந்துவிட்டது. ஃபிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார். கிழிசலும் காகிதமும் சேர்ந்து எழுப்பிய கரகர ஒலி பிடித்துப்போக, அதையே பாட்டில் முன்னுக்குக் கொண்டுவந்தார். வேறொருவராக இருந்தால் பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பியிருப்பார்.

சன் தட்டுகளைக் கேட்டவர்கள் மறக்காத ஒன்று அதன் எதிரொலி. குரலும் கிதாரும் ஒரு முறை ஒலித்து, உடனே இன்னொரு முறை முதுகில் தட்டியதுபோலத் திரும்பி வரும். ‘ஸ்லாப்பேக்’ என்று அதற்குப் பெயர். எதிரொலிக்கு முன்னோடிகள் உண்டு, கிதார் மேதை லெஸ் பால் போன்றவர்கள் அதற்கு முன்பே அதோடு விளையாடியிருந்தார்கள். ஃபிலிப்ஸிடம் இருந்தவை இரண்டு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர்கள். டேப் ஓடும்போது முதலில் பதியும் தலையைத் தாண்டும், அப்புறம் கேட்கும் தலையைத் தாண்டும். இரண்டு தலைகளுக்கும் நடுவே இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப் அந்த இடைவெளியைக் கடக்க 2/15 நொடி, அதாவது ஏறத்தாழ 0.13 நொடி பிடிக்கும். ஒலியை இரண்டாவது கருவியில் பதிந்து, அது 0.13 நொடி தாமதித்துக் கேட்கும் தலையிலிருந்து வெளிவருவதை எடுத்து, முதல் கருவியில் பதிவாகிக்கொண்டிருக்கும் பாட்டோடு கலந்துவிட்டார். அவ்வளவுதான் வித்தை.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 0.13 நொடியில் ஏறத்தாழ 45 மீட்டர் போய்வரும். அப்படியானால் சுவர் 22 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். யூனியன் அவென்யூ கூடமோ நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் அறை. இல்லாத ஒரு பெரிய கூடத்தின் சுவரை இரண்டு அங்குல டேப்புக்குள் அவர் கட்டிவிட்டார். அதுவும் விசித்திரமான கூடம். நிஜக் கூடத்தில் நாலா பக்கச் சுவரிலும் கூரையிலும் பட்டு ஆயிரம் எதிரொலிகள் குழம்பி வரும். இங்கே ஒரே ஒரு சுவர், ஒரே ஒரு எதிரொலி, அதன் பின்னே வெறும் மௌனம். 

தாமதம் மிகக் குறைவாக, 30 மில்லிநொடிக்குள் இருந்தால் நம் மூளை இரண்டையும் ஒட்டி ஒரே ஒலியாக்கிவிடும். 130 மில்லிநொடிக்கு அந்தச் சலுகை இல்லை, தனியாகவே கேட்கும். ராக்கபில்லி பாட்டு நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் போனால் ஓர் அடிக்கு 333 மில்லிநொடி. பேஸ் கம்பி அறையும் ‘டக்’கின் எதிரொலி ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே வந்து விழும். கூடத்தில் முரசு இல்லை. ஆனாலும் யாரோ இடையிடையே தட்டுகிறார்கள். மூன்று பேர் வாசித்தது ஐந்து பேர் வாசித்ததாகக் கேட்கும். இந்த ஒலியை மேடைக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை கிதார்க்காரர்களுக்கு வந்தது. இல்லினாய் மாநிலத்தின் கைரோ ஊரில் ரே பட்ஸ் என்பவர் டேப் வளையத்தை உள்ளேயே வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். எல்விஸின் கிதார்க்காரர் ஸ்காட்டி மூர் ஒன்று வாங்கினார், பெர்கின்ஸும் வாங்கினார்.

1955 டிசம்பர் 19 அன்று பெர்கின்ஸ் ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ பாட்டைப் பதிவு செய்தார். இப்போது டபிள்யூ.எஸ். ஹாலண்ட் என்ற முரசுக்காரரும் குழுவில் இருந்தார். கோர்வை ப்ளூஸின் பன்னிரண்டு அளவைச் சுற்றை ஒட்டியது. பாட்டின் தொடக்கத்தில் வாத்தியங்கள் ஓர் அடி அடித்துவிட்டு நிற்க, வெற்றிடத்தில் குரல் மட்டும் வரும். அதுவும் பழைய ப்ளூஸ் உத்தி. ஆனால் விஷயம் ப்ளூஸ் விஷயமல்ல. என்னை என்ன வேண்டுமானாலும் செய், என் செருப்பை மட்டும் மிதிக்காதே என்று நடன அரங்கில் மல்லுக்கு நிற்கும் பையனின் பேச்சு. சோகத்துக்கு உண்டான அச்சில் வீறாப்பை வார்த்திருக்கிறார். புத்தாண்டையொட்டி வெளிவந்த அந்தத் தட்டு, வெள்ளையருக்கான கன்ட்ரி பட்டியல், கறுப்பினத்தவருக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியல், பொதுவான பாப் பட்டியல் என்று மூன்றிலும் உச்சத்தை ஒட்டிப் போனது. கடைக்காரர்களும் பத்திரிகைகளும் பிரித்து வைத்திருந்த மூன்று வகைக் காதுகளும் ஒரே தட்டை வாங்கின. 1956 மார்ச் 22 அன்று, நியூயார்க்கில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் டெலவேர் மாநிலத்தில் நடந்த விபத்து பெர்கின்ஸையும் ஜேயையும் படுக்கையில் தள்ளியது. எல்விஸும் பாடிய அந்தப் பாட்டை உலகம் அவர் குரலிலேயே நினைவு வைத்துக்கொண்டது.

கடன் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. 1955-இல் சக் பெர்ரி என்ற கறுப்பினக் கலைஞரைப் புகழேற்றிய ‘மேபலீன்’, ‘ஐடா ரெட்’ என்ற பழைய வெள்ளையர் பிடில் பாட்டிலிருந்து முளைத்தது. பெர்கின்ஸுக்கும் பெர்ரிக்கும் பின்னாளில் நல்ல நட்பு. ஆனால் வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் சம தராசில் நின்றார்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. எல்விஸின் முதல் தட்டுக்குப் பாட்டுக் கொடுத்த ஆர்தர் குரூடப் உரிய உரிமைத்தொகைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்து, கைக்கு வந்து சேராமலே 1974-இல் இறந்துபோனார். கூலி வேலையில் காலம் தள்ளியவர் அவர்.

பெர்கின்ஸின் இன்னொரு புகழ்பெற்ற பாட்டு ‘மேட்ச்பாக்ஸ்’. 1956 டிசம்பர் 4 அன்று பதிவானது. அப்போது அவ்வளவாகப் பெயர் தெரியாத ஜெர்ரி லீ லூயிஸ் பியானோ வாசித்தார். தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் அளவுக்குத்தான் தன்னிடம் துணி இருக்கிறது என்ற வறுமையின் கிண்டல் அதில் வருகிறது. அந்த வரி அப்பாவுக்கு நினைவிருந்தது, அதை வைத்துத்தான் கட்டினேன், வேறு யார் பாடியும் கேட்டதில்லை என்பது பெர்கின்ஸின் வாக்கு. ஆனால் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற பார்வையற்ற டெக்சாஸ் கலைஞர் 1927-இலேயே ‘மேட்ச் பாக்ஸ் ப்ளூஸ்’ என்று தட்டு வெளியிட்டிருந்தார். அதற்கும் மூன்று வருடம் முன்பு மா ரெய்னி என்ற பாடகி பாடிய ஒரு ப்ளூஸிலும் அதே தீப்பெட்டி உண்டு. அவருக்கு முன்னால் எத்தனை வாய்கள் அதைச் சொல்லியிருக்கும் என்பதற்குத் தட்டு இல்லை. 

பெர்கின்ஸ் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தட்டைக் கேட்காமலே பாட்டு வந்து சேரக்கூடிய ஊரில் அவர் வளர்ந்தார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜெஃபர்சனுடையதில் ஒற்றைக் கிதார் குரலைச் சுற்றி இஷ்டத்துக்கு அலையும், அளவு கூடும், குறையும். பெர்கின்ஸுடையதில் பியானோவும் பேஸும் கிதாரும் ஒரே கீழ்ஸ்தாயி நடையை விடாமல் இடித்துக்கொண்டு போக, இடைவெட்டில் அவருடைய கிதார் கம்பிகளை நெட்டித் தள்ளிக்கொண்டு பேசும். 1964 ஜூன் 1 அன்று லண்டனில் பீட்டில்ஸ் குழு இதே பாட்டைப் பதிவு செய்தபோது அக்குழுவின் ரிங்கோ பாடினார், பெர்கின்ஸ் அதே கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் பாட்டை எழுதியவர் பெயராக அச்சானது பெர்கின்ஸின் பெயர் ஒன்றுதான்.